ஆண்டறிக்கை 2024–25: மேட்டுக்காட்டு ஆத்தாவின் நினைவோடு

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, நிர்வாகக் குழுவினரே, உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

வழக்கமாக வரவு செலவில் ஆரம்பித்துத் தீர்மானங்களுக்கு வருவேன். இந்த வருஷம் அந்த வரிசையை மாற்றிக்கொள்ளத் தலைவரிடம் அனுமதி வாங்கியிருக்கிறேன். கார்த்திகை மாதம் தமது 91வது வயதில் நம்மை விட்டுப் போன மேட்டுக்காட்டு ஆத்தாவைப் பற்றிப் பேசாமல் எனக்கு மற்ற கணக்கு எதுவும் ஓடாது. சங்கம் இந்த வருஷம் எடுத்துச் செய்த வேலைகளில் பெரும்பாலானவை அவர் கை வைத்துத் தொடங்கியவை.

குடும்பத்தார் விருப்பப்படி அவர் பெயரை இதில் அச்சிடவில்லை. நம்மில் பாதிப் பேருக்கு அந்தப் பெயர் தெரியவும் தெரியாது. காட்டுப் பெயரைச் சொன்னால்தான் ஆள் தெரியும்.

1951இல் கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்திருக்கிறார். சீராகப் பொறந்த வீட்டில் ஒரு கெடாரிக் கன்று, அதாவது பெண் கன்று, ஓட்டிவிட்டார்கள். பழையகோட்டைப் பட்டக்காரர் நல்லதம்பி சர்க்கரை மன்றாடியார் தொழுவத்துக் காளைக்கு விழுந்த கன்று அது என்று சொல்வார். காங்கேயம் மாட்டை ஓர் இனமாக நிலைநிறுத்தியதில் அந்தத் தொழுவத்துக்கு எவ்வளவு பங்கு என்பதை இந்தச் சபைக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்தக் கெடாரியின் வழிதான் இன்றைக்கும் மேட்டுக்காட்டில் நிற்கிற மாடுகள். இத்தனை வருஷத்தில் வெளியிலிருந்து பசு வாங்கியதில்லை. காளை மட்டும் மாறும்.

அவர் வந்த சில வருஷத்தில் கீழ்பவானி வாய்க்காலில் தண்ணீர் வந்தது. பள்ளத்துக் காடெல்லாம் நெல்லும் மஞ்சளுமாக மாறியது. இவர்களுடையது பேருக்கேற்ற மாதிரி மேடு. தண்ணீர் ஏறவில்லை. நாலு கொறங்காடாகக் கிடந்த 16 ஏக்கரும் கொறங்காடாகவே இருந்தது.

இந்த வருஷம் டவுனிலிருந்து புதிதாகச் சேர்ந்த உறுப்பினர்கள் கொறங்காடு என்றால் என்ன என்று கேட்டார்கள். அவர்களுக்காகச் சொல்கிறேன். அது தரிசு கிடையாது. சுற்றிலும் முள்கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப்புல், நடுநடுவே வெள்வேல மரம், உள்ளே போக ஒரு படல். மாட்டையும் ஆட்டையும் உள்ளே விட்டுப் படலைச் சாத்திவிட்டால் பின்னால் ஆள் நடக்க வேண்டியதில்லை. ஒரு காட்டில் புல் தேய்ந்ததும் அடுத்த காட்டுக்கு மாற்றிவிடுவோம். சில வருஷத்துக்கு ஒருமுறை உழுது சோளமோ கொள்ளோ விதைத்து எடுத்தால் புல் மறுபடி புதிதாகக் கிளம்பும். வருஷத்துக்கு 600 மில்லிமீட்டர் மழையே பெரிதாக இருக்கிற நம் சீமையில் மாடு பிழைத்துக் கிடந்தது இந்த ஏற்பாட்டால்தான். இரண்டு வேலிக்கு நடுவே ஓடுகிற இட்டேரியும் இதோடு சேர்ந்தது. அந்த நிழலில் கௌதாரி முட்டையிடும்.

1970களில் கணவர் காலமானபோது ஆத்தாவுக்கு மூன்று பிள்ளைகள். கிணற்றில் கவலை கட்டித் தண்ணீர் இறைத்த எருதுகளுக்கு மோட்டார் வந்ததும் வேலை இல்லாமல் போயிற்று. அப்புறம் டிராக்டர் வந்தது. சொசைட்டிப் பால் வந்தபோது ஊரே கலப்பின மாட்டுக்கு மாறியது. நானும் மாறினேன். என் இரண்டு பிள்ளைகளும் படித்தது அந்தப் பால் பணத்தில்தான், அதனால் கலப்பின மாட்டைக் குறை சொல்ல நான் வரமாட்டேன். ஆத்தாவும் ஒருநாளும் சொன்னதில்லை. ஆனால் அவர் மாறவில்லை. இரண்டு மூன்று லிட்டர் கறக்கும் மாட்டை வைத்துக்கொண்டு எப்படிக் குடும்பம் நடத்தினார் என்று பலர் கேட்பார்கள். அவர் கணக்கு வேறு. அன்றாடச் செலவுக்கு ஆடு. மாட்டில் வருவது வருஷத்துக்கு ஒருமுறை, சித்திரையில் கண்ணபுரம் மாரியம்மன் நோம்பிச் சந்தைக்கு ஓட்டிப்போகிற காளைக் கன்றுகளில்தான். ஒரே உயரம், ஒரே நிறம், ஒரே கொம்பு வாக்கில் இரண்டை ஜோடி சேர்ப்பதில் அவர் கண்ணுக்கு நிகர் இல்லை. பிறந்த கன்று செவலையாக இருக்கும்போதே அது பின்னால் எந்த மயிலையில், அதாவது எந்தச் சாம்பல் நிறத்தில், போய் நிற்கும் என்று சொல்லிவிடுவார்.

புல் விஷயத்தில் அவருக்குத் தெரிந்தது எனக்கு இன்னும் கைவரவில்லை. கதிர் பழுத்ததும் காலையிலேயே கொறங்காட்டுக்குள் போய், கொழுக்கட்டைப்புல்லின் பஞ்சுக் கதிரை அடியில் பிடித்து மேலே ஒரே உருவாக உருவுவார். மடி நிறைந்ததும் கோணிச்சாக்குக்கு மாற்றுவார். அதை உடனே விதைத்துவிட மாட்டார். ஒருதடவை அவசரப்பட்டு நான் கேட்டபோது, "புது வெதை மொளைக்காது சாமி, ஒரு வருசம் பானைக்குள்ள தூங்கோணும்" என்றார். சோதித்துப் பார்த்தேன். அந்த வருஷ விதை நூற்றுக்குப் பத்துகூட முளைக்கவில்லை. பானையில் கிடந்த பழைய விதை அடர்த்தியாக வந்தது. இப்போது சங்கத்தின் விதைப் பானைகள் ஏழிலும் எடுத்த மாதத்தைச் சீட்டு எழுதி ஒட்டியிருக்கிறோம். ஆத்தா சீட்டு ஒட்டியதில்லை. பானை வாயில் கட்டியிருக்கும் துணியைப் பார்த்தே சொல்வார்.

2016இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்து, 2017 ஜனவரியில் மாநிலம் முழுவதும் வறட்சி என்று அரசே அறிவித்த வருஷம் எல்லோருக்கும் நினைவிருக்கும். சோளத்தட்டுக்கு விலை கொடுக்க முடியாமல் கட்டுத்தரையைக் காலி செய்தவர்கள் நம்மில் உண்டு. ஆத்தா அதற்கு முந்தின வைகாசியிலேயே வெள்வேலங்காயைக் கூட்டி அள்ளி மூட்டை கட்டி வைத்திருந்தார். நாலில் ஒரு காட்டை இரண்டு வருஷமாகப் படல் திறக்காமலே விட்டிருந்தார். அந்தப் படலைத் தன் மாடுகளுக்கு முன்னால் பக்கத்துக் காட்டுக்காரர்களின் சினை மாடுகளுக்குத் திறந்துவிட்டார். மொத்தம் ஒன்பது மாடு. அந்த ஒன்பதில் இரண்டு என்னுடையவை.

அதே ஜனவரியில்தான் ஜல்லிக்கட்டுக்காக மெரினாவில் பிள்ளைகள் உட்கார்ந்தார்கள். அங்கே இருந்துவிட்டு வந்த நம் ஊர்ப் பையன் ஒருவன், திருப்பூர் கம்பெனியில் வேலை செய்பவன், நேராக ஆத்தாவிடம் போய் ஒரு காங்கேயம் கன்று வேண்டும் என்று கேட்டான். விலை பேசவில்லை அவர். "கட்டிப் போட்டே வளக்கறதா இருந்தா வேண்டாங் கண்ணு. மேய எடமிருக்குதா, சொல்லு" என்று கேட்டார். இடம் இல்லை. ஊர்க்கோடியில் அவன் மாமனுடைய மூன்று ஏக்கரைக் குத்தகைக்குப் பேசி, வேலி அடைத்து, எட்டு மாதம் கழித்து வந்தான். கெடாரியை அவிழ்த்துக் கையில் கொடுத்தார். கொஞ்ச மாதம் போனதும் செவலை வெளுக்கிறது, ஏதும் நோயோ என்று அவன் பதறிக்கொண்டு ஓடிவந்ததும், ஆத்தா அவனைத் தன் காட்டுக்குள் கூட்டிப்போய் பிறந்த கன்று, மூன்று மாதக் கன்று, எட்டு மாதக் கன்று என்று வரிசையாகக் காட்டியதும் எனக்குத் தெரியும். அவன் இன்று நம் நிர்வாகக் குழுவில் இருக்கிறான். அந்த மூன்று ஏக்கர்தான் நம் பகுதியில் பல வருஷத்துக்குப் பிறகு புதிதாக எழுந்த கொறங்காடு.

சங்கத்தின் முதல் கூட்டத்துக்கு வந்த ஒரே பெண் அவர். அறிவொளி இயக்கத்தில் எழுத்துக் கற்றுக்கொண்டவர், அதனால் கைநாட்டு வைக்கமாட்டார். நடவடிக்கைப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தேன். எல்லாப் பக்கத்திலும் அந்த மூன்றெழுத்து இருக்கிறது, கடைசி எழுத்து மட்டும் கோட்டை விட்டுக் கொஞ்சம் மேலே ஏறியிருக்கும். புரட்டாசிக் கூட்டத்துப் பக்கத்தோடு அது நின்றுவிட்டது. கோயமுத்தூர், பெரியார், ஈரோடு, 2009 முதல் திருப்பூர் என்று நாலு மாவட்டத்தின் பேரில் அவருக்குக் கடிதம் வந்திருக்கிறது. வீடு மட்டும் அதே வீடு.

ஒன்றைச் சொல்லாமல் விடக்கூடாது. சுமார் பத்து வருஷத்துக்கு முன்னால் மூத்த மகன் பங்குக்குப் போன நாலு ஏக்கர் விலையாகிவிட்டது. வாங்கியவர்கள் கம்பிவேலி போடுவதற்காகக் கிளுவையைப் பிடுங்க ஜேசிபி கொண்டுவந்தார்கள். மகனை ஆத்தா ஒரு வார்த்தை கேட்கவில்லை. முதல்நாளே கொடுவாளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். எண்பது வயதுக்கு மேல். வேலியின் ஒரு முனையிலிருந்து மணிக்கட்டுக் கனமான போத்தாக, அதாவது நட்டால் துளிர்க்கிற கிளையாகப் பார்த்து வெட்டி, முழ நீளத்துக்கு நறுக்கி, இட்டேரியில் அடுக்கிக்கொண்டே வந்தார். ஜேசிபி ஓட்டிய தம்பி வண்டியை நிறுத்திவிட்டு இறங்கிவந்து அவரோடு சேர்ந்து வெட்டினான். இரண்டு நாள். நாலு வண்டிப் போத்து. நம் பகுதியில் எந்தக் காட்டிலெல்லாம் வேலி இற்றுப்போயிருந்ததோ அங்கெல்லாம் அந்தப் போத்து போய் நின்றது. என் காட்டின் வடபுற வேலி அந்த நாலு ஏக்கர் வேலிதான்.

இதை நான் இவ்வளவு நீளமாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. காங்கேயம் மாட்டைக் காப்போம் என்று இன்று எல்லோரும் பேசுகிறார்கள். நல்லது. ஆனால் மாடு மட்டும் தனியாகப் பிழைக்காது. சோலாருக்கும் மனைக்கும் கொறங்காடு போய்க்கொண்டே இருந்தால் நம் காளைகள் திருவிழாவுக்கு அலங்கரித்து நிறுத்துகிற உருப்படியாகத்தான் மிஞ்சும். ஆத்தா இதைப் பேச்சாகச் சொன்னவர் இல்லை. மாடு எப்படி இருக்கிறது என்று கேட்டால் வேலியைப் பற்றித்தான் பதில் சொல்வார்.

இனி இந்த வருஷ நடப்பு.

தெருநாய்கள் பட்டிக்குள் புகுந்து ஆடுகளைக் கடித்துக் கொல்வது காங்கேயம், வெள்ளகோவில், தாராபுரம் பகுதியெங்கும் இந்த வருஷம் பெரிய துயரமாகிவிட்டது. புரட்டாசியில் ஒரே ராத்திரியில் ஆத்தாவின் பட்டியில் 11 ஆடு போயிற்று. விடிந்து நாங்கள் போனபோது, பிழைத்த ஒரு குட்டியின் கழுத்தில் மஞ்சளும் வேப்பெண்ணெயும் குழைத்துத் தடவிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்காமல், "எனக்கு மட்டுந்தானா, இன்னும் ஆருக்காச்சும் போயிருக்குதான்னு கேளுங்க" என்றார். அடுத்த பத்து நாளும் பேத்தியைக் கூட்டிக்கொண்டு வீடு வீடாகப் போய், யாருக்கு எத்தனை ஆடு, என்ன தேதி என்று நாற்பது பக்க நோட்டில் எழுதி வாங்கினார். இழப்பீடு கேட்டு நாம் கொடுத்த மனுவோடு இணைத்தது அந்த நோட்டின் நகலைத்தான். அதைப் பார்த்த பிறகுதான் அதிகாரிகள் எங்களை உட்காரச் சொல்லிப் பேசினார்கள். இதில் வேலை இன்னும் முடியவில்லை.

கோமாரித் தடுப்பூசி முகாம் இரண்டு முறை நடந்தது. ஆடுகளுக்குக் குடற்புழு நீக்க மருந்து கொடுத்தோம். கூட்டங்கள் 11 நடந்தன. ஐப்பசிக் கூட்டம் மழையால் தள்ளிப்போனது. தணிக்கை முடிந்த வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். சந்தா பாக்கி வைத்திருப்பவர்கள் இன்றே செலுத்திவிட்டால் நன்றாக இருக்கும்.

ஆத்தாவின் பூச்சிக்காளை, அதாவது இனவிருத்திக்கு வைத்திருக்கிற பொலிகாளை, பற்றிப் பலர் கேட்கிறீர்கள். அது மேட்டுக்காட்டிலேயே இருக்கும். பேத்தி பார்த்துக்கொள்கிறார். வழக்கமும் மாறாது: காளைக்கு மாடு ஓட்டி வருபவர்களிடம் பணம் வாங்கமாட்டார்கள், ஒரு படி பருத்திக்கொட்டை கொண்டுவந்தால் போதும். பேத்தி உறுப்பினராகச் சேர்ந்து, ஆத்தாவின் இடத்தில் நிர்வாகக் குழுவுக்கும் வர ஒப்புக்கொண்டிருக்கிறார். தை மாதம் பட்டிப் பொங்கலுக்கு அந்தக் காட்டில் சாணித் தெப்பக்குளம் கட்டி, "பட்டி பெருக, பால் பானை பொங்க" என்று குரல் கொடுத்தவரும் அவர்தான். ஆத்தா போய் இரண்டு மாதம்கூட ஆகவில்லை, நிறுத்திவிடலாமே என்று ஒறம்பரை சொன்னார்கள். மாட்டுக்குத் தீட்டு ஏது என்று ஆத்தாவே முன்பு சொல்லியிருக்கிறார் என்று சொல்லி நடத்திவிட்டார்.

அடுத்த ஆண்டுக்கு ஒரே ஒரு பெரிய வேலையை மட்டும் முன்வைக்கிறேன். மேட்டுக்காட்டுத் தென்புற வேலியில் நாற்பது அடிக்கு மேல் இற்றுக் கிடக்கிறது. நாய் நுழைந்ததும் அந்த வழியாகத்தான். ஆத்தா ஆவணியில் அடைக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார், முடியாமல் போயிற்று. என் வடபுற வேலியிலிருந்து போத்து வெட்டித் தருகிறேன். வெட்டியதை மூன்று நாள் நிழலில் போட்டுப் பால் உலர்ந்த பிறகு நட வேண்டும் என்பதால் வியாழக்கிழமையே வெட்டிவிடுவேன். ஆவணி முதல் ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறு மணிக்கு. கடப்பாரை இருப்பவர்கள் கொண்டுவாருங்கள். சோறு பேத்தி வீட்டில்.

செயலாளர்