வேலை இழந்தவர்களின் மனுவை யார் வாங்குவது? அமெரிக்கக் காங்கிரசுக்கு ஒரு திறந்த மடல்

பிரதிநிதிகள் சபையின் வேஸ் அண்ட் மீன்ஸ் குழுவுக்கும் செனட்டின் நிதிக் குழுவுக்கும்,

வணக்கம். இந்த மடலை உங்களுக்கு யாராவது மொழிபெயர்த்துத்தான் தர வேண்டும். இருந்தாலும் தமிழில் எழுதுகிறேன். உங்கள் தொகுதிகளில் தமிழ் படிக்கும் வாக்காளர்கள் இருக்கிறார்கள். இப்படி ஒரு திட்டம் இருந்ததே அவர்களில் பலருக்குத் தெரியாது.

இறக்குமதி பெருகியதாலோ, ஆலை வெளிநாட்டுக்குப் போனதாலோ வேலை இழந்தவர்களுக்குப் பயிற்சியும் உதவித்தொகையும் தந்துவந்த டிரேட் அட்ஜஸ்ட்மென்ட் அசிஸ்டன்ஸ் திட்டம் 2022 ஜூலை 1 அன்று காலாவதியானது. அன்றிலிருந்து தொழிலாளர் துறையால் புதிய மனுவை வாங்கவும் முடியவில்லை, கையிலிருந்த மனுக்களுக்கு முடிவு சொல்லவும் முடியவில்லை. ஏற்கெனவே தகுதிச் சான்று பெற்றவர்களுக்கு மட்டும் உதவி தொடர்ந்தது. நீங்கள் வாக்கெடுத்து இதை ஒழிக்கவில்லை, புதுப்பிக்காமல் விட்டுவிட்டீர்கள். ஒழிப்பதென்றால் யாராவது கை தூக்கியிருக்க வேண்டுமே!

திரும்பவும் திறப்பதைப் பற்றி எப்போதாவது பேசுவீர்கள் என்று நம்புகிறேன். அப்போது பணம் எவ்வளவு என்பதை விட, யாருக்குத் தகுதி என்று எழுதும் வரிகளில்தான் உங்கள் கவனம் இருக்க வேண்டும். 1962இல் கென்னடி காலத்துச் சட்டம் இரண்டு நிபந்தனைகள் வைத்தது. இறக்குமதி உயர்ந்ததற்கு, வர்த்தக ஒப்பந்தங்களில் அமெரிக்கா தந்த இறக்குமதி வரிச் சலுகையே பெருங்காரணமாக இருக்க வேண்டும். வேலை போனதற்கு அந்த இறக்குமதியே பெருங்காரணமாக இருக்க வேண்டும். 1969 வரை ஒரு தொழிலாளிக்குக்கூடத் தகுதி கிடைக்கவில்லை. 1974 சட்டம் வரிச் சலுகை நிபந்தனையைக் கைவிட்டது. வேறு காரணங்கள் இருந்தாலும் இறக்குமதிக்கு முக்கியப் பங்கு இருந்தால் போதும் என்றது. அதன் பிறகே திட்டத்துக்கு உயிர் வந்தது.

மென்பொருள்காரர்களின் கதை தமிழர்களான எங்களுக்கு இன்னும் நெருக்கமானது. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் வேலை இழந்த நிரலாளர்கள் மனுப் போட்டபோது, குறுந்தகடு போன்ற ஒன்றில் பதித்து விற்காத மென்பொருள் சட்டம் சொல்லும் உற்பத்திப் பொருளே ஆகாது என்று துறை கைவிரித்தது. அவர்கள் நியூயார்க்கில் உள்ள பன்னாட்டு வர்த்தக நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2006இல் துறை இறங்கிவந்தது. அப்படிப்பட்ட வேலைகள் போய்ச் சேர்ந்த ஊர்களில் சென்னையும் ஒன்று. எங்களில் சிலர் அங்கே அந்த வேலையைப் பெற்றவர்கள், சிலர் இங்கே அதை இழந்தவர்கள். அதனால் எந்தப் பக்கத்தையும் திட்ட எனக்கு மனம் வரவில்லை.

2009 சட்டம் சேவைத் துறையினரையும் சேர்த்துக்கொண்டது. 2014இல் அவர்களை வெளியே தள்ளினீர்கள், 2015இல் மறுபடி சேர்த்தீர்கள், 2021 ஜூலையில் மறுபடி தள்ளினீர்கள். கால்சென்டரில் ஒரே மாதிரி வேலை இழந்த இருவரில், மனு போன தேதியைப் பொறுத்து ஒருவருக்குத் தகுதி உண்டு, மற்றவருக்கு இல்லை. இதில் என்ன நியாயம்?

இறக்குமதி வரியை உயர்த்திவிட்டோம், இனி இந்த உதவி எதற்கு என்று உங்களில் சிலர் கேட்கலாம். பிற நாடுகளின் பதிலடி வரியால் ஏற்றுமதி ஆர்டர் போய், அதனால் வேலை இழந்தவருக்குப் பழைய திட்டத்திலும் இடம் இல்லை. 2018இல் அப்படி அடிபட்ட விவசாயிகளுக்கு 1,200 கோடி டாலர் வரை உதவி அறிவிக்கப்பட்டது. ஆலைத் தொழிலாளிக்கு அப்படி ஒன்றும் இல்லை. புதிய சட்டத்தில் அவருக்கும் சேவைத் துறையினருக்கும் நிலையான இடம் வேண்டும்.

பழைய சட்டத்தில் காக்க வேண்டியதும் உண்டு. தொழிலாளர்களே குழுவாகச் சேர்ந்து மனுப் போடலாம். விற்பனை, இறக்குமதிக் கணக்குகளை நிறுவனத்திடம் கேட்டு வாங்குவது துறையின் பொறுப்பு. வேலை போனவர் முதலாளியின் கணக்குப் புத்தகத்தைத் தேடி அலைய வேண்டியதில்லை. அதைத் தொடாதீர்கள்.

கடைசியாக, மிக அவசரமானது. வேலை போன ஓராண்டுக்குள் மனு வர வேண்டும் என்பது விதி. மனுவை வாங்கவே ஆளில்லாத காலத்தில் வேலை இழந்தவருக்கு அந்த ஓராண்டு சும்மாவே ஓடிவிட்டது. விதியை அப்படியே வைத்துக்கொண்டு கதவைத் திறந்தால் அவர் வெளியிலேதான் நிற்பார். 2014இல் வேலை இழந்தவர்களும் மனுச் செய்ய 2015 சட்டத்தில் தனி அவகாசம் கொடுத்தீர்கள். 2022 ஜூலைக்குப் பிறகு வேலை இழந்தவர்களுக்கும் அதே போன்ற பிரிவை எழுதுங்கள். தேங்கிக் கிடக்கும் மனுக்களை முதலில் எடுத்து முடிவு சொல்லும்படி துறைக்கு உத்தரவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாக்காளர்களில் ஒருவர்