விலையோடு சரக்கு வரத்தையும் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

எந்தப் பொருளின் விலை ஏறினாலும் பத்திரிகைகளில் முதல் வரியிலேயே பதுக்கல், வியாபாரிகளின் பேராசை என்று வந்துவிடுகிறது. அதே பொருள் விலை சரிந்து, விளைவித்தவர் போட்ட முதலைக்கூட எடுக்க முடியாமல் நிற்கும்போது அந்தப் பேராசை எங்கே போனது என்று யாரும் கேட்பதில்லை. லாப ஆசை எல்லா நாளும் இருப்பதுதான். மாறுவது சந்தைக்கு வரும் சரக்கும், அதை வாங்க வருகிற கூட்டமும்.

வரத்து கொஞ்சம்தானே குறைந்தது, விலை மட்டும் எப்படி இவ்வளவு ஏறும் என்ற சந்தேகம்தான் பெரும்பாலும் கோபத்தைக் கிளப்புகிறது. இதற்கு 1699-லேயே சார்லஸ் டேவனன்ட் என்ற ஆங்கிலேயர் ஒரு கணக்குக் கொடுத்திருக்கிறார்: தானிய விளைச்சல் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் விலை பத்தில் மூன்று பங்கு ஏறும், இரண்டு பங்கு குறைந்தால் எட்டுப் பங்கு ஏறும். இந்த எண்கள் எல்லாப் பொருளுக்கும் பொருந்தாது, ஆனால் காரணம் பொருந்தும். மாற்று இல்லாத அத்தியாவசியப் பொருளை யாரும் எளிதில் குறைத்துக்கொள்ள மாட்டார்கள், அதனால் இருக்கிற சரக்குக்குள் தேவை அடங்கும்வரை, அதாவது சிலர் முடியாமல் ஒதுங்கும்வரை விலை ஏறிக்கொண்டே போகும். தள்ளிப்போடக்கூடிய பொருளுக்கு இந்த வேகம் இருக்காது.

எதிர்ப்பக்கமும் இதே கதைதான். கொரோனா முடக்கத்தில் எண்ணெய்த் தேவை விழுந்து, சேமிப்புக் கிடங்குகளில் இடம் தீர்ந்துகொண்டிருந்த 2020 ஏப்ரல் 20 அன்று, அமெரிக்கக் கச்சா எண்ணெயை மே மாதத்தில் ஒப்படைப்பதற்கான முன்கூட்டிய ஒப்பந்தம் பீப்பாய்க்கு மைனஸ் 37.63 டாலரில் முடிந்தது. எண்ணெயை எடுத்துக்கொண்டு போங்கள் என்று விற்பவரே காசு கொடுத்த நிலை! அன்று யாருக்கும் திடீரென்று தாராள மனசு வந்துவிடவில்லை.

சரி, விலையைச் சட்டம் போட்டு நிறுத்தினால்? 1973-ல் அரபு நாடுகள் எண்ணெய் ஏற்றுமதியைத் தடுத்தபோது சில மாதங்களில் கச்சா எண்ணெய் விலை ஏறக்குறைய நான்கு மடங்கானது. அமெரிக்காவில் விலைக் கட்டுப்பாடு இருந்தது, ஆனால் பெட்ரோல் பங்க்குகளில் நீண்ட வரிசையும் இருந்தது. பணமாகக் கொடுக்காததை மக்கள் நேரமாகக் கொடுத்தார்கள்.

பதுக்கலே கிடையாது என்று நான் சொல்லவில்லை. அதுவும், உற்பத்தியாளர்கள் கூட்டுச் சேர்ந்து விலை ஏற்றுவதும் வரத்தைச் சுருக்கித்தான் வேலை செய்கின்றன, ஆகவே கிடங்கைத் திறந்து சரக்கை வெளியே கொண்டுவருவதுதான் அதற்கு மருந்து, மேடையில் திட்டுவது அல்ல. அப்புறம், கையில் காசில்லாதவரின் பசியைச் சந்தை தேவையாகவே எண்ணாது. இது எனக்கு மிகவும் உறுத்துகிற விஷயம். அவர்களுக்கு விலையை முடக்குவதைவிட நேரடியாகப் பணமோ பொருளோ கொடுப்பதே பலன் தரும், ஏனென்றால் விலையை அடக்கினால் அடுத்த பருவத்தில் விளைவிப்பவர்களும் குறைந்துபோவார்கள்.

ஆகவே ஒரு கோரிக்கை. விலைச் செய்தி போடும்போது அன்றைய வரத்து, போன வாரமும் போன வருடம் இதே வாரமும் வந்த வரத்து, இருப்பு, இறக்குமதி ஆகியவற்றையும் பக்கத்திலேயே போடுங்கள். ஒரு சின்னக் கட்டம் போதும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்