பெட்டிக்குள் கூழாங்கல்: ஆன்மிக மேடைக்கும் பகுத்தறிவு மேடைக்கும் ஒரு திறந்த மடல்

மேடையில் பேசும் பெரியோர்களுக்கு,

வணக்கம். "குழந்தை பக்தியோடுதான் பிறக்கிறது, விஞ்ஞானமே சொல்லிவிட்டது" என்று உங்களில் ஒரு சாரார் பேசுகிறீர்கள். "பெற்றோர் திணிக்காவிட்டால் எந்தக் குழந்தையும் சாமி கும்பிடாது, அதையும் ஆய்வுகள் காட்டிவிட்டன" என்கிறீர்கள் மறு சாரார். இரு தரப்பும் ஆய்வுகளைச் சாட்சிக்கு இழுப்பதால், குழந்தை உளவியல் கற்பிக்கும் நாங்கள் இதை எழுத வேண்டியிருக்கிறது.

முதல் தரப்பு எடுத்துக்காட்டுவது, உளவியலாளர் ஜஸ்டின் பேரட்டும் உடன் ஆய்வாளர்களும் 2001இல் வெளியிட்ட பெட்டிச் சோதனை. அதில் பங்கேற்றவர்கள் 3 முதல் 6 வயது வரையுள்ள அமெரிக்கக் குழந்தைகள். மூடிய பிஸ்கட் பெட்டியைக் காட்டி, உள்ளே என்ன என்று கேட்பார்கள். "பிஸ்கட்" என்று குழந்தை சொல்லும். திறந்தால் உள்ளே கல். மறுபடி மூடிவிட்டு, இந்தப் பெட்டியை அம்மா பார்த்தால் உள்ளே என்ன இருப்பதாக நினைப்பார் என்று கேட்பார்கள். பிறகு அதே கேள்வியைக் கடவுளை வைத்துக் கேட்பார்கள். 5, 6 வயதுக் குழந்தைகளில் பெரும்பாலோர், அம்மா பிஸ்கட் என்று ஏமாந்துபோவார், கடவுளுக்குக் கல் என்று தெரியும் என்றார்கள். 3 வயதுக் குழந்தைகளோ இருவருக்குமே கல் என்று தெரியும் என்றார்கள்.

மேடைகளில் பிசகுவது இந்த 3 வயதுப் பதிலில்தான். தனக்குத் தெரிந்தது இன்னொருவருக்குத் தெரியாமல் இருக்கலாம் என்பது அந்த வயதில் இன்னும் பிடிபடவில்லை. கடவுளுக்குத் தெரியும் என்று சொல்லும் அதே வாய், அம்மாவுக்கும் தெரியும் என்கிறதே! அதில் பக்தியைத் தேடுவது வீண். பேரட்டின் வாதமும் இதைவிட நுட்பமானது: எல்லோருக்கும் எல்லாம் தெரியும் என்றுதான் குழந்தை தொடங்குகிறது, அம்மாவின் அறியாமையைத்தான் அது புதிதாகக் கற்க வேண்டும், கடவுள் விஷயத்தில் மாற்றிக்கொள்ள ஒன்றுமில்லை என்பார் அவர். ஆனால் 2007இல் கிரேக்கக் குழந்தைகளிடமும், 2010இல் லேன், வெல்மன், எவன்ஸ் மூவரும் அமெரிக்கக் குழந்தைகளிடமும் செய்த ஆய்வுகளில் இடையில் ஒரு படி தென்பட்டது. அம்மாவுக்குத் தெரியாது என்று புரிந்துகொள்ளத் தொடங்கும் பருவத்தில், கடவுளுக்கும் தெரியாது என்றே பலர் சொன்னார்கள். கடவுளுக்கு மட்டும் விதிவிலக்கு அதன் பிறகே வந்தது. அந்த விதிவிலக்கு சொல்லிக்கொடுத்து வருவது என்பதே எங்கள் முடிவு.

பகுத்தறிவு மேடைக்கும் ஒன்று சொல்ல வேண்டும். பிள்ளை மனம் வெற்றுப் பலகை அல்ல. பாறை ஏன் கூராக இருக்கிறது என்று உளவியலாளர் டெபோரா கெலமன் கேட்டபோது, விலங்குகள் உடம்பைச் சொறிந்துகொள்ளத்தான் என்ற விளக்கம் சிறுவர்களுக்குப் பிடித்திருந்தது. அமெரிக்காவைவிட மதப்பற்று குறைந்த பிரிட்டனிலும் இதே போக்கைத்தான் கண்டார். எதிலும் ஒரு நோக்கத்தைத் தேடும் இந்தப் பழக்கத்தை எந்தப் பெற்றோரும் திணிக்கவில்லை. அதே சமயம் இந்தச் சாய்வே நம்பிக்கையாகிவிடாது. அற்புதம் நிகழும் சமயக் கதையில் வருபவர் உண்மையில் வாழ்ந்தவரா என்று 5, 6 வயதினரிடம் கேட்ட 2014ஆம் ஆண்டு ஆய்வில், தேவாலயத்துக்கோ சமயப் பள்ளிக்கோ போகும் பிள்ளைகள் பெரும்பாலும் ஆம் என்றார்கள். இரண்டுக்கும் போகாதவர்கள் கற்பனை என்றார்கள். மண் பிறவியிலேயே இருக்கிறது, விதையை வீடு போடுகிறது.

பெட்டிச் சோதனையை உங்கள் பள்ளிகளில் செய்து பார்ப்பதாக இருந்தால் சிலவற்றைக் கவனியுங்கள். "சாமிக்குத் தெரியுமா?" என்று கேட்டுவிடாதீர்கள். நம் வீடுகளில் அந்தக் கேள்விக்கு ஒரே பதில்தான் உண்டு, பிள்ளை அதை ஒப்பித்துவிடும். "சாமி என்ன இருக்குன்னு நினைக்கும்?" என்று கேளுங்கள். பாதிப் பேரிடம் அம்மாவை முதலிலும், மீதிப் பேரிடம் சாமியை முதலிலும் வையுங்கள். இல்லாவிட்டால் இரண்டாவது பதில் முதல் பதிலின் நகலாகிவிடும். பக்கத்து வீட்டு மாமா, பூனை என்று வேறு இருவரையும் சேர்த்துக் கேட்டால்தான் சாமிக்கென்று தனிப் பதில் இருக்கிறதா என்பது தெரியும். கடைசியில், இப்போது உள்ளே உண்மையில் என்ன இருக்கிறது என்று கேளுங்கள். அதற்கே "பிஸ்கட்" என்று சொல்லும் குழந்தையைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. ஒவ்வொரு குழந்தையையும் தனியாகக் கேளுங்கள், குழந்தையின் எதிரில் பெற்றோர் உட்கார வேண்டாம். இரண்டே பதில் உள்ள கேள்வியில் 20 பேரில் 10 பேர் குருட்டாம்போக்கிலேயே ஒரு பக்கம் விழுவார்கள். 12 பேர் சொன்னார்கள் என்பதை வைத்து எதையும் அறிவிக்காதீர்கள். 15 பேராவது ஒரே பக்கம் நின்றால்தான் பேச இடமுண்டு.

ஆய்வை மேற்கோள் காட்டும்போது குழந்தையின் வயதையும் கேட்ட கேள்வியையும் சேர்த்தே சொல்லுங்கள். இன்னொன்று, இரண்டு மேடைகளுக்கும் பொதுவானது: நாலு வயதுப் பிள்ளையைத் தூக்கி நிறுத்தி, "கடவுள் இருக்காரா, சொல்லு கண்ணு" என்று மைக்கை நீட்டாதீர்கள். அந்தப் பிள்ளை பதில் சொல்லுமுன் உங்கள் முகத்தைத்தான் முதலில் பார்க்கிறது.

அன்புடன்,
குழந்தை உளவியல் ஆசிரியர்கள் சிலர்