விடுதி வைஃபையைப் பார்த்துக்கொள்ளும் கணினி மையத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். இரவு 9 முதல் 11 வரை வீடியோ தளங்களை முடக்கப்போவதாக உங்கள் சுற்றறிக்கை சொல்கிறது. வீட்டுக்குப் பேசும் நேரத்தில் குரல் வெட்டி வெட்டி வருகிறது என்று நாங்கள் கொடுத்த புகாருக்கு இதுதான் பதிலாம். பேசுபவர்களுக்கு வழிவிட வேண்டும், சரி. அதற்குப் படம் பார்ப்பவர்களைத் தடுக்க வேண்டியதில்லை.

ஒரு குரல் அழைப்புக்கு நூறு கிலோபிட் வேகம் தாராளம். பாக்கெட்டுகள், அதாவது தரவின் சிறு துண்டுகள், நேரத்துக்கு வந்து சேர்வதுதான் முக்கியம். யூடியூப் பல விநாடிக் காட்சியை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளும். நடுவே அரை விநாடி தாமதமானாலும் தெரியாது. அழைப்பில் ஒருவழித் தாமதம் 150 மில்லிவிநாடிக்குள் இருப்பது நல்லது என்கிறது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியமான ஐடியூவின் பரிந்துரை. அதனால்தான் பக்கத்து அறையில் படம் தடங்கலின்றி ஓடும்போது இங்கே அம்மா "கேக்குதா? கேக்குதா?" என்கிறார்.

2005-இல் வந்த 802.11ஈ என்ற வைஃபை தரம், பாக்கெட்டுகள் காத்திருக்கக் குரல், வீடியோ, சாதாரணம், பின்னணி என நான்கு வரிசைகளைக் கொடுத்திருக்கிறது. எந்தப் பாக்கெட் எந்த வரிசைக்குப் போகும் என்பதை அதில் இட்டிருக்கும் முன்னுரிமைக் குறி எண் தீர்மானிக்கும். இங்கேதான் சிக்கல். குரலுக்கு வழக்கமாக இடும் 46 என்ற குறியில் (இரும எண்ணாக 101110) முதல் மூன்று பிட்டை மட்டும் படிக்கும் கருவிகள், அதை 5 (101) என்று எடுத்துக்கொண்டு வீடியோ வரிசையில் தள்ளிவிடுகின்றன. சரியான பொருத்தம் என்ன என்பதை 2018-இல் வந்த ஆர்எஃப்சி 8325 என்ற இணையத் தர ஆவணம் சொல்கிறது. வெளியிலிருந்து வரும் பாக்கெட்டில் குறி வழியிலேயே அழிந்திருந்தால், நீங்கள்தான் மறுபடி இட வேண்டும்.

அதற்காக எல்லாவற்றையும் குரல் வரிசையில் ஏற்றிவிடாதீர்கள். அந்த வரிசை அனுப்பும் முன் மிகக் குறைவாகத்தான் காத்திருக்கும். அதில் கூட்டம் சேர்ந்தால் ஒன்றோடொன்று மோதி எல்லாமே வீணாகும். (கோப்புகளை இறக்கும் டோரன்ட்டுக்கே குரல் குறி போடக்கூடிய ஆட்கள் எங்களில் உண்டு.)

குறியை நம்ப முடியாத இடத்துக்கு எஃப்க்யூ-கோடெல் என்ற வரிசை மேலாண்மை முறை இருக்கிறது. லினக்ஸில் இலவசம். ஒவ்வொரு இணைப்பையும் பிரித்து வைத்து, தேங்கிக் கிடக்கும் பாக்கெட்டுகளைக் கழித்துவிடும். ஆனால் நாம் வாங்கியிருக்கும் வேகத்துக்குக் கொஞ்சம் கீழே வரம்பு வைக்க வேண்டும். இல்லாவிட்டால் நெரிசல் இணையச் சேவை நிறுவனத்தின் பக்கம் போய்விடும், அங்கே நம் கை எட்டாது.

அப்புறம், தாழ்வாரக் கடைசி அறைகள். சிக்னல் மங்கிய ஒரு போன் தரவை மெதுவாக அனுப்பி அனுப்பியே எல்லோருடைய நேரத்தையும் தின்றுவிடும். வைஃபை அலையைப் பயன்படுத்தும் நேரத்தைச் சமமாகப் பங்கிடும் அமைப்பு ஆக்சஸ் பாயின்ட்டில் (வைஃபை சிக்னல் தரும் பெட்டியில்) இருந்தால் அதையும் போட்டுவிடுங்கள்.

முதலில் விடுதியின் ஒரு மாடியில் மட்டும் ஒரு வாரம் செய்து பாருங்கள். தடையைப் பற்றி அதற்குப் பிறகு பேசுவோம். இரவில் சோதித்துப் பார்க்க ஆள் வேண்டுமென்றால் நாங்கள் வருகிறோம்.

இப்படிக்கு,
விடுதி மாணவர்கள்