பதினாறு மணி நேரத்தில் டொராண்டோவா?

விமானத் தூரமும் பயண நேரமும் கணக்குப் போட்டுச் சொல்லும் தளங்களை நடத்துவோருக்கு,

வணக்கம். சென்னையிலிருந்து டொராண்டோவுக்கு எவ்வளவு நேரம் என்று உங்களில் ஒருவரிடம் கேட்டேன். 13,400 கிலோமீட்டர், 16 மணி நேரம் என்று பதில் வந்தது. கும்பகோணத்தில் இருக்கும் அம்மாவிடம் அதையே சொல்லிவிட்டேன். அம்மா சர்க்கரை மாத்திரையை அந்தக் கணக்குக்குத்தான் எடுத்துவைத்தார். மிளகாய்ப்பொடி தடவிய இட்லியும் இரண்டு வேளைக்குத்தான்.

துபாயில் இறங்கி வாட்ஸ்அப்பில் கூப்பிட்டார். "ஏண்டி, வீட்டைவிட்டுக் கிளம்பிப் பதினாறு மணி ஆச்சே, இன்னும் பாதி வழிகூட வரலைங்கிறாங்க?"

பாதி என்ன, கால்வாசி தூரம்கூட இல்லை! கும்பகோணத்திலிருந்து மீனம்பாக்கத்துக்குக் காரில் 7 மணி, விமான நிலையத்தில் 3, துபாய்க்கு 4, அங்கே உட்கார்ந்தது 2. இன்னும் 3 மணி நேரக் காத்திருப்பும், டொராண்டோவுக்கு 14 மணி நேரப் பறத்தலும் பாக்கி. மொத்தம் 33. டிக்கெட்டிலோ விடியற்காலை ஏறி அன்று மாலையே இறங்குவதாகப் போட்டிருந்தது. கோடையில் டொராண்டோ நேரம் நமக்கு ஒன்பதரை மணி நேரம் பின்னால் என்பதை அம்மாவுக்கு யார் சொல்வது? நான் சொல்லியிருக்க வேண்டும், அது என் தப்பு.

உங்கள் தூரக் கணக்கில் பிழை இல்லை. பூமி உருண்டையில் சென்னைக்கும் டொராண்டோவுக்கும் நூல் பிடித்தால் ராஜஸ்தான், பாகிஸ்தான், கஜகஸ்தான், ரஷ்யா என்று ஏறி, பேரண்ட்ஸ் கடல், கிரீன்லாந்து வழியாகத்தான் கனடாவில் இறங்குகிறது. ஆனால் அந்த நூலின் மேல் சென்னையிலிருந்து எந்த விமானமும் நேராகப் போவதில்லை. 2022 பிப்ரவரியில் கனடா விமானங்களுக்கு ரஷ்ய வான்வெளி மூடப்பட்டது. 2025 ஏப்ரலில் இந்திய விமானங்களுக்குப் பாகிஸ்தான் மூடியது. துபாய் வழி சுற்று என்றாலும் தூரத்தில் கூடுவது 600 கிலோமீட்டர்தான். நேரத்தைத் தின்பது இறங்கி ஏறுவதும் காத்திருப்பதும். தூரத்தை வேகத்தால் வகுத்தால் அது எப்படித் தெரியும்?

காற்றையும் நீங்கள் கண்டுகொள்வதில்லை. லண்டனிலிருந்து நியூயார்க் போக ஏறக்குறைய 8 மணி நேரம், திரும்பி வர 7. உயரத்தில் மேற்கிலிருந்து அடிக்கும் காற்று ஒரு பக்கம் மறிக்கிறது, மறுபக்கம் தள்ளிவிடுகிறது. உங்களிடம் போக வர ஒரே எண்தான்.

நேரடி விமானம் இல்லாத ஊர்களுக்கு, எண்ணுக்குப் பக்கத்திலேயே 'நேரடி விமானம் இல்லை' என்று போடுங்கள். கீழே பொடி எழுத்தில் வேண்டாம், அம்மாவின் கண்ணாடிக்கு அது எட்டாது. பறக்கும் நேரம் வேறு, பயண நேரம் வேறு என்று பிரித்துக் காட்டுங்கள். போக ஒன்று, வர ஒன்று என இரண்டு எண் தாருங்கள்.

செப்டம்பரில் அம்மா ஊருக்குத் திரும்புகிறார். இந்த முறை உங்களைக் கேட்கப்போவதில்லை. காற்று தள்ளும் கணக்கில் 33-இல் ஒரு மணி நேரம் குறைத்து 32 என்று சொல்லி, மாத்திரை டப்பாவில் இரண்டு நாளைக்கு நானே போட்டுக் கொடுக்கிறேன்.

இப்படிக்கு,
ஸ்கார்பரோவிலிருந்து ஒரு மகள்