கடுகு எண்ணெய் வாசனை

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். அம்மாவிடம் வாராவாரம் பேசுகிறாய். நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருப்பேன். ஹீமோகுளோபின் 9 என்று காதில் விழுந்தது. இரும்புச்சத்து மாத்திரையை விடாமல் போடு. டீ குடித்த கையோடு போடாதே.

சொல்ல வந்தது வேறு. நம் தெருமுனையில் ஜெராக்ஸ் கடை இருந்த இடத்தில் ஒரு வங்காள மீன் சாப்பாட்டுக் கடை வந்திருக்கிறது. நாலே மேசை, சுவரில் ஹௌரா பாலம். அம்மாவுக்குத் தெரியாமல் மூன்று தடவை போய்விட்டேன். முதல் நாள் கடுகு எண்ணெய் வாசனைக்கு வாசலோடு திரும்பினேன். அடுத்த தடவை சிங்ரி மலாய் கறி. தேங்காய்ப்பாலில் இறால், நம் ருசிக்கு ரொம்ப தூரமில்லை. நேற்றுதான் இலீஷ்.

அது நம் உள்ளம் மீன்தான். கோதாவரியில் ஏறிவிட்டால் புலசா என்பார்கள். கடலில் வளர்ந்து, முட்டையிட ஆற்றில் எதிர்த்து ஏறுகிற மீன். ஒரு காலத்தில் கங்கையில் அலகாபாத் வரை போனது. 1975-இல் ஃபரக்கா தடுப்பணை வந்ததும் அந்த வழி அடைபட்டது. முப்பது வருஷம் பொதுப்பணித் துறையில் இருந்தேன், எத்தனையோ மதகு கட்டினோம். தண்ணீர்க் கணக்கு பார்த்தோமே தவிர மீன் கணக்கு யார் பார்த்தது?

கடுகை வெறுமனே அரைத்தால் கசக்குமாம், உப்பும் பச்சை மிளகாயும் சேர்த்து அரைக்க வேண்டுமாம். பரிமாறுகிற பையன் சொன்னான். மஞ்சள் விழுதுக்குள் ஒரே துண்டு. முள்ளென்றால் அப்படியொரு முள், முடி மாதிரி, நுனியில் கவைத்துக்கொண்டு. அதைத் தின்று முடிக்க எனக்கு அரை மணி ஆயிற்று. நீ சங்கரா முள்ளுக்கே ஊரைக் கூட்டியவள். பார்த்துச் சாப்பிடு.

வங்காளம் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டாயாமே. இந்தி டியூஷனுக்கு அழுதவளா என்று இருந்தது. அப்பாவுக்குத் தமிழில் நாலு வரி எழுதத்தான் நேரமில்லை போலிருக்கிறது.

மகள் கல்கத்தாவில் என்று வாய்தவறிச் சொல்லிவிட்டேன். "ஜமாய் ஷஷ்டிக்கு மாப்பிள்ளை வந்தாரா?" என்று அந்தப் பையன் கேட்டான். ஜேஷ்ட மாதத்தில் மாமியார் வீட்டில் விருந்தாம். லீவு கிடைக்கவில்லை என்று பொய் சொன்னேன். தலை ஆடிக்கு அம்மா வேட்டி புடவையெல்லாம் எடுத்து வைத்திருந்தாள். கூப்பிட வேண்டாம் என்றவன் நான்தான். அம்மாமேல் வருத்தம் வைக்காதே.

அப்புறம் அந்தத் தெர்மோகோல் பெட்டி. அவர் முதல் தடவை வந்தபோது ஐஸ் போட்டுக் கொண்டுவந்தாரே. வீடெல்லாம் நாறும் என்று பின்கட்டில் வைத்துப் பூனைக்குப் போட்டேன். நீ அடுப்படி வாசலில் நின்று பார்த்தாய். ஒரு வார்த்தை பேசவில்லை. நேற்று அந்தத் துண்டுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தபோது எனக்குச் சோறு இறங்கவில்லை, பாப்பா.

ஏழாம் மாதம் முடிந்துவிட்டால் ரயில் அலைச்சல் ஆகாது. உன் அறைக்கு வெள்ளையடித்தாயிற்று. மாத்திரையை மறக்காதே. முள் பார்த்துச் சாப்பிடு.

அரை லிட்டர் கடுகு எண்ணெய் வாங்கி வைத்திருக்கிறேன். அம்மா கேட்டதற்கு முட்டிவலிக்கு என்றேன். புகைய விட்டுத்தான் மீனைப் போட வேண்டுமாமே, மாப்பிள்ளையைக் கேட்டு எழுது.

அப்பா