மேடை ஏறாத தாலந்துகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பள்ளி விடுமுறை தொடங்கியதும் தென் மாவட்டத் தேவாலயங்களில் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கும் வாலிபர்களுக்கும் தாலந்துப் போட்டிகள், அதாவது திறமைப் போட்டிகள், நடத்துவது நெடுநாள் வழக்கம். தனிப்பாடல், குழுப்பாடல், வசன ஒப்புவித்தல், பேச்சு, குறுநாடகம் என்று அவை நடக்கும். பல ஆண்டுகள் அவற்றைக் கண்டு மகிழ்ந்தவன், சில ஆண்டுகள் நடுவராகவும் இருந்தவன் என்ற முறையில், என்னை உறுத்திவரும் ஒன்றைத் தங்கள் நாளிதழ் வாயிலாகச் சொல்ல விரும்புகிறேன்.

ஒரு முறை போட்டியின் நடுவே ஒலிபெருக்கி நின்றுபோயிற்று. 15 வயதுச் சிறுவன் ஒருவன் எங்கிருந்தோ ஓடிவந்து, கம்பிகளைப் பிரித்து, அறுந்த இடத்தைக் கண்டுபிடித்து, பத்தே நிமிடங்களில் அதைப் பேசவைத்தான். “நீ எந்தப் போட்டியில் சேர்ந்திருக்கிறாய், தம்பி?” என்று கேட்டேன். “எனக்குத் தாலந்து ஒன்றும் இல்லை ஐயா” என்று அவன் சொன்ன பதில் இன்றும் என் நெஞ்சைவிட்டு அகலவில்லை. வருத்தத்தோடுகூட அவன் அதைச் சொல்லவில்லை. எல்லாருக்கும் தெரிந்த செய்திபோலச் சொன்னான். அதை அவனுக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் நாம்தான்.

தாலந்து என்ற சொல் நமக்கு வந்தது வேதாகமத்தில் மத்தேயு 25-ஆம் அதிகாரத்திலிருந்து. பயணம் புறப்பட்ட எஜமான் ஒருவன் தன் ஊழியக்காரர் மூவரிடம் ஐந்து, இரண்டு, ஒன்று என்று தாலந்துகளை ஒப்படைத்துச் செல்ல, ஒன்றைப் பெற்றவன் அதை மண்ணில் புதைத்துவைத்த உவமை அது. அங்கே அது பாட்டுத் திறமையைக் குறிக்கவில்லை, பணத்தைக் குறிக்கிறது. ஒரு தாலந்து ஏறத்தாழ 6,000 பணம். திராட்சத்தோட்டத்துக் கூலியாளுக்கு ஒரு நாள் கூலி ஒரு பணம் என்று அதே நூலின் 20-ஆம் அதிகாரம் சொல்வதால், ஒரே ஒரு தாலந்தைப் பெற்றவனும் ஒரு கூலியாளின் ஏறக்குறைய 20 ஆண்டு உழைப்புக்கு ஈடான முதலைக் கையில் வாங்கியிருக்கிறான். குறைவாகப் பெற்றவன் என்று நாம் இரங்கும் அந்த மனிதனும் பெரும்பொருள் பெற்றவனே. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: ஐந்து தாலந்து வாங்கினவன் போய் “வியாபாரம்பண்ணி” இன்னும் ஐந்து சம்பாதித்தான் என்றே எழுதியிருக்கிறது. தாலந்து பெருகிய இடம் ஆலயம் அன்று, சந்தை.

வேதாகமத்தில் வேறு பக்கங்களைப் புரட்டினாலும் இதுவே தெரிகிறது. யாத்திராகமம் 31-ஆம் அதிகாரத்தில் கைவினைஞன் பெசலெயேல் தேவ ஆவியினால் நிரப்பப்பட்டது தீர்க்கதரிசனம் உரைப்பதற்காக அல்ல; பொன்னிலும் வெள்ளியிலும் வெண்கலத்திலும் வேலை செய்யவும், கற்களைப் பதிக்கவும், மரத்தில் சித்திரவேலை செய்யவுமே. அப்போஸ்தலர் 9-ஆம் அதிகாரத்தில், யோப்பா பட்டணத்துத் தொற்காள் என்ற பெண் இறந்தபோது, விதவைகள் அழுதுகொண்டே இயேசுவின் சீடர் பேதுருவிடம் காட்டியவை அவள் தைத்துக்கொடுத்த அங்கிகள். அவள் பேசிய ஒரு சொல்லாவது அந்த அதிகாரத்தில் இல்லை.

இவையெல்லாம் பழங்காலத்துக் கதைகள் என்று எண்ணுவோருக்கு நம் வேலூரையே சுட்டிக்காட்டலாம். கொல்லிமலையில் ஊழியம் செய்த பெற்றோருக்கு 1914-இல் பிறந்த பால் பிராண்ட், மருத்துவம் படிப்பதற்கு முன் சில ஆண்டுகள் கட்டடத் தொழில் பயின்றார். தச்சும் கொத்தும் அவருக்குக் கைவந்தன. 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு அறுவை மருத்துவராக வந்தவர், செங்கற்பட்டுத் தொழுநோய் மருத்துவமனையில் ஒரு நோயாளியின் மடங்கிய கையைப் பற்றிக் குலுக்கியபோது, அந்தக் கையின் பிடி நோகுமளவுக்கு வலுவாக இருப்பதை உணர்ந்தார். விரல்களை நிமிர்த்தும் தசைகள் செயலிழந்திருந்தாலும் முன்கையில் நல்ல தசைகள் எஞ்சியிருக்கின்றன என்பதே அதன் பொருள். அவற்றின் தசைநாணை எடுத்து விரல்களோடு இணைத்தால் கை மீண்டும் திறக்கும் என்ற எண்ணத்தின்படி அவர் செய்த அறுவைச் சிகிச்சைகள், தொழுநோயாளிகளின் கைகளைப் பற்றி மருத்துவ உலகம் கொண்டிருந்த கருத்தையே மாற்றின. விரல்கள் அழிவதற்குக் காரணம் தசை தானாக அழுகுவது அன்று, உணர்ச்சியற்ற கையில் தெரியாமல் ஏற்படும் காயங்களே என்பதையும் அவரும் உடனிருந்தோரும் பொறுமையாகக் கவனித்து நிறுவினர்.

அதன்பின் நடந்ததுதான் என் கருத்துக்கு இன்னும் நெருக்கமானது. கை சரியாகி ஊர் திரும்பியவர்களில் சிலர் பட்டினியோடு மீண்டு வந்தனர். நோயின் தழும்பு இருந்ததால் வேலை தருவாரில்லை. கை நேராகிவிட்டதால் பிச்சையிடுவாரும் இல்லை. அப்போதுதான் பிராண்ட் இளமையில் கற்ற தச்சுத்தொழில் கைகொடுத்தது. மருத்துவமனையை ஒட்டி எளிய குடியிருப்பொன்று எழுந்தது; அங்கே நோயாளிகள் உளியும் அரமும் பிடித்து மரப்பொம்மைகள் செய்யக் கற்றார்கள். எந்த ஆலய மேடையிலும் பரிசு பெற வாய்ப்பில்லாத அந்தத் தொழில், சிலருடைய வாழ்க்கைக்கே முதலாயிற்று.

அவரோடு பணியாற்றிய மருத்துவர் மேரி வர்கீசின் வாழ்க்கை இதைவிட ஆழமானது. கேரளத்தில் பிறந்து வேலூரில் படித்த அவர், 1954-இல் நேர்ந்த வாகன விபத்தில் முதுகெலும்பு முறிந்து, இடுப்புக்குக் கீழே உணர்விழந்தார். இளம் மருத்துவர் ஒருவரின் தாலந்து மண்ணில் புதைந்துவிட்டதென்றே யாரும் நினைத்திருப்பார்கள். ஆனால் கை அறுவைச் சிகிச்சையை உட்கார்ந்தபடியே செய்ய முடியும் என்று பிராண்ட் ஊக்கப்படுத்தினார்; மேரி வர்கீஸ் சக்கர நாற்காலியில் அமர்ந்து தொழுநோயாளிகளின் கைகளுக்குச் சிகிச்சை செய்தார். பின்னர் அமெரிக்காவில் மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பி, அத்துறையை வேலூரில் வளர்த்தார். 1972-இல் பத்மஸ்ரீ விருது பெற்ற அவர் 1986-இல் மறைந்தார். நடக்க முடியாத மருத்துவர் ஒருவர், இனி நடக்க முடியாது என்று அறிந்து உடைந்துபோன நோயாளியின் கட்டிலருகே வந்து நிற்காமல் அமர்ந்து பேசியது எத்தனை பிரசங்கங்களுக்கு ஈடாகும் என்பதை நோயுற்றவரே அறிவார். அங்கே நோயாளியின் மதத்தைக் கேட்டுச் சிகிச்சை அளிக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பதிலுக்கு எதையும் எதிர்பார்க்கும் உதவி ஈவு ஆகாது.

வேலூருக்கு வெளியிலும் இத்தகையோர் உண்டு. 19-ஆம் நூற்றாண்டில் மிஷனரி மார்த்தா மால்ட் நாகர்கோவிலில் கற்பித்த லேஸ் பின்னலை, அவர் மகள் எலைசா கால்டுவெல் இடையன்குடிக்குக் கொண்டுசென்று எளிய பெண்களுக்குச் சொந்தக் கூலி கிடைக்கச் செய்தார். தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் சித்த மருத்துவத்தில் ஈட்டிய பொருளைக்கொண்டு இசை மாநாடுகள் நடத்தி, 1917-இல் ‘கருணாமிர்த சாகரம்’ என்ற பெருநூலை வெளியிட்டார். மருந்தும் இசையும் ஒருவரிடமே இருந்தன. ஒன்று மற்றொன்றுக்குச் சோறிட்டது.

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. கைத்தொழில் தெரிந்தவர்களைச் சபைகள் அறவே மறந்துவிடவில்லை. இலவசமாக வேலை வாங்கும்போது நன்றாகவே நினைவில் வைத்திருக்கின்றன. ஆலயத்துக்கு வெள்ளையடிப்பவரும், மின்கம்பி இழுப்பவரும், ஆலயப் பொது விருந்தான அசனப் பண்டிகைக்கு விடிய விடியச் சமைப்பவரும் “நம் சபைப் பிள்ளைதானே” என்ற ஒரே சொல்லில் கூலியை விட்டுக்கொடுக்க நேர்வதை நான் பார்த்திருக்கிறேன். மனமுவந்து கொடுப்பது காணிக்கை. கூச்சத்தால் கேட்காமல் விடுவது காணிக்கை ஆகாது. வேலையாள் தன் கூலிக்குப் பாத்திரன் என்பதும் நாம் வாசிக்கிற வேதாகமத்தில் உள்ளதுதான்.

கூட்டுறவு வங்கியில் பணியாற்றி ஓய்வு பெற்ற எனக்குப் பாடவும் வராது, பேசவும் வராது. விண்ணப்பப் படிவங்களைப் பிழையின்றி நிரப்ப மட்டும் வரும். கணவனை இழந்த ஒரு மூதாட்டி, உதவித்தொகை விண்ணப்பம் இரண்டு முறை திருப்பப்பட்டு வந்த தாளோடு என் வீட்டுத் திண்ணையில் வந்து அமர்ந்த நாளில்தான், அதுவும் ஒரு வரம் என்று எனக்கு உறைத்தது. அன்று முதல் சனிக்கிழமை காலைகளில், எந்தத் தெருவிலிருந்து யார் வந்தாலும், எழுதிக் கொடுக்கிறேன். “அவனவன் பெற்ற வரத்தின்படியே” நல்ல உக்கிராணக்காரரைப்போல உதவி செய்யுங்கள் என்று பேதுரு எழுதியதை இப்போது படிக்கையில், உக்கிராணம் என்பது சரக்கு வைக்கும் அறை, அதன் சாவி வைத்திருப்பவன் பசித்தவனுக்கு அளந்து கொடுக்கக் கடமைப்பட்டவன் என்பது தெளிவாகப் புரிகிறது.

ஆகவே சபைத் தலைவர்களை நான் வேண்டிக்கொள்வது இது. இந்த ஆண்டு அறுப்பின் பண்டிகைக்கு முன் ஒரு குறிப்பேட்டை ஆலய வாசலில் வையுங்கள். குழாய் பழுதுபார்ப்பவர், தையல் தெரிந்தவர், நோயாளிக்குத் துணையிருக்கக் கூடியவர், கணக்குச் சொல்லித்தரக் கூடியவர் என்று ஒவ்வொருவரும் தமக்குத் தெரிந்ததையும், அதற்காக மாதத்தில் எத்தனை மணி நேரம் தர இயலும் என்பதையும் எழுதட்டும். அந்தக் குறிப்பேடு சபையாருக்கு மட்டுமன்றி, ஆலயத்தைச் சுற்றியுள்ள தெருக்களுக்கும் பயன்படட்டும். அடுத்த போட்டியில் ஒலிபெருக்கியைச் சரிசெய்யும் பையனின் பெயரையும் மேடையிலிருந்து வாசியுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பாளையங்கோட்டை.